செட்டிநாட்டு வாடகை வீட்டில் ஸ்மோக் அலாரம்: வாங்குவது, மாட்டுவது, பராமரிப்பது

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் பழைய வீட்டின் ஒரு பகுதியைக் குடித்தனத்துக்கு விட்டிருப்பவர்களுக்கும், அப்படி ஒரு பகுதியில் குடியிருப்பவர்களுக்கும் இந்தச் செய்முறை. புது ஃபிளாட்டுக்கும் பெரும்பாலானவை பொருந்தும். ஆனால் முகப்பு (வாசல் பகுதி), வளவு (முற்றத்தைச் சுற்றிய பகுதி), அதற்குப் பின்னால் இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று பகுதி பகுதியாக நீளும் வீட்டில் சில விஷயங்கள் வேறு மாதிரி. கூடத்தில் ஒரே ஒரு அலாரத்தை மாட்டிவிட்டுக் கடமை முடிந்தது என்று இருந்துவிடக் கூடாது. மூன்றாம் கட்டில் அடிக்கும் சத்தம் முகப்பில் தூங்குகிறவரை எழுப்பாது.

முதலில், சட்டம் என்ன சொல்கிறது

இங்கிலாந்தில் 2015 முதல் வாடகை வீட்டின் ஒவ்வொரு தளத்திலும் ஒரு அலாரமாவது இருக்க வேண்டும். குடிவரும் நாளில் அது வேலை செய்கிறதா என்று வீட்டுக்காரர் சோதிக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 2022 ஜனவரி 1 முதல், வாடகை வீட்டின் ஒவ்வொரு படுக்கையறையிலும் ஒன்றோடொன்று இணைந்த அலாரம் கட்டாயம். சிங்கப்பூரில் 2018 ஜூன் 1 முதல் புது வீடுகளுக்குக் கட்டாயம். வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊர் வீட்டை வாடகைக்கு விடும் பலருக்கு இதெல்லாம் பழகிய நடைமுறைதான்.

சாதாரண வாடகை வீட்டுக்கு இப்படி ஒரு தனிச்சட்டம் தமிழ்நாட்டில் இல்லை. வீட்டை ஹோட்டலாகவோ ஹோம்ஸ்டேயாகவோ நடத்தினால் கணக்கு வேறு. தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016-இன் நான்காம் பகுதி தங்கும் விடுதிகளைத் தனி வகையாகப் பார்க்கிறது. அலாரம் பொருத்தும் முறைக்கு ஐ.எஸ். 2189 என்ற தரநிலை இருக்கிறது. விடுதி நடத்துகிறவர்கள் இந்தச் செய்முறையோடு நிற்காமல், உள்ளூர்த் தீயணைப்பு நிலையத்தில் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்தில் அந்த வேலையை வாடகை ஒப்பந்தம்தான் செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டத்தின்படி ஒப்பந்தம் எழுத்தில் இருந்தாக வேண்டும். எப்படியும் எழுதப்போகிற அந்தத் தாளில் அலாரத்துக்கு நாலு வரி சேர்த்துவிடலாம். வாசகம் கீழே இருக்கிறது.

படி 1: எதை வாங்குவது

போட்டோஎலக்ட்ரிக் (ஒளியை வைத்துப் புகையைக் கண்டுபிடிக்கும்) வகையை வாங்குங்கள். அயனைசேஷன் (மின்னூட்டம் பெற்ற காற்றை வைத்துக் கண்டுபிடிக்கும்) வகை, குப்பென்று பற்றும் நெருப்பைச் சற்று வேகமாகப் பிடிக்கும். புகைந்து புகைந்து வளரும் நெருப்பைப் போட்டோஎலக்ட்ரிக்தான் முதலில் பிடிக்கும். பழைய வீடுகளில் பயப்பட வேண்டியது இந்த இரண்டாவது வகை நெருப்புக்குத்தான். சுவரில் அடித்த மரச் சட்டத்தின் மேல் ஓடும் பழைய வயர், தளர்ந்த ஜாயின்ட், ஏ.சி. மாட்டியபோது மாற்றாமல் விட்ட பழைய லைன், இவையெல்லாம் மணிக்கணக்கில் உள்ளுக்குள் கருகும். மேலே உலர்ந்த தேக்குக் கூரை. தாளிக்கிற புகைக்கு வீணாக அலறுவதும் போட்டோஎலக்ட்ரிக்கில் குறைவு.

பேட்டரி விஷயத்தில் 10 ஆண்டு சீல் செய்த லித்தியம் பேட்டரி வைத்ததே வாடகை வீட்டுக்குச் சரி. 9 வோல்ட் பேட்டரி போடும் மாடலில், ரிமோட்டுக்கோ பொம்மைக்கோ தேவை என்று யாராவது கழற்றிவிடலாம். வருஷத்துக்கு ஒருமுறை மாற்றவும் வேண்டும்.

ஒன்றுக்கு மேல் வாங்கும்போது வயர்லெஸ்ஸில் ஒன்றோடொன்று இணையும் மாடலாக, ஒரே கம்பெனியின் ஒரே வரிசையில் வாங்குங்கள். வேறு வேறு கம்பெனி மாடல்கள் பொதுவாக ஒன்றோடொன்று பேசாது. அலாரத்தின் சத்தம் 3 மீட்டர் தூரத்தில் 85 டெசிபல் இருக்கும். தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் சுமார் 6 டெசிபல் குறையும். நடுவில் கனத்த தேக்குக் கதவு சாத்தியிருந்தால் இன்னும் அடங்கிவிடும். இணைந்த அலாரம் என்றால், மூன்றாம் கட்டில் புகை வந்தால் முகப்பு அறையில் இருப்பதும் சேர்ந்து அடிக்கும்.

வீட்டில் வயதானவர்கள் தனியாக இருந்தால் 520 ஹெர்ட்ஸ் தாழ்ந்த ஒலி தரும் மாடல் கிடைக்கிறதா என்று தேடிப் பாருங்கள். வயதாகும்போது கீச்சென்ற ஒலிதான் முதலில் காதுக்கு எட்டாமல் போகிறது. வழக்கமான அலாரங்களின் ஒலி அந்தக் கீச்சு வகை.

படி 2: எங்கே, எத்தனை

படுக்கையறைக்கு ஒன்று, படுக்கையறைகளுக்கு வெளியே பொது நடையில் ஒன்று, ஒவ்வொரு மாடிக்கும் ஒன்று. இதுதான் அடிப்படைக் கணக்கு. இரண்டு படுக்கையறை, அவற்றுக்கு வெளியே ஒரு பட்டாலை (பொதுக் கூடம்), ஒரு மாடி உள்ள பகுதி என்றால் 4 ஸ்மோக் அலாரம். அடுப்படிக்கு ஸ்மோக் அலாரம் வேண்டாம், ஹீட் அலாரம் 1 போடுங்கள். அது புகையைப் பார்க்காது. சுற்றியுள்ள சூடு 57, 58 டிகிரி செல்சியஸ் ஆகும்போது அடிக்கும். மிளகாய் வறுக்கிற புகைக்கு அசையாது.

வளவில் முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில் மாட்டி அதை நம்பி இருக்காதீர்கள். மேலே வானம் திறந்திருக்கிறது. புகை அலாரத்தை நோக்கி வராமல் முற்றத்தின் வழியாக மேலே போய்விடும். அறைக்குள் மாட்டுங்கள். மாடிப்படி உள்ள இடத்தில் படி ஏறி முடியும் இடத்தின் கூரையில் மாட்டுங்கள், கீழ்த்தளப் புகை அங்கேதான் முதலில் போய்ச் சேரும். சாமி வீட்டுக்குள் வேண்டாம். விளக்கும் சாம்பிராணியும் தினமும் அதைக் கிளப்பிவிட்டால், ஒரு வாரத்தில் யாராவது கழற்றி அலமாரியில் வைத்துவிடுவார்கள். அதற்கு வெளியே உள்ள அறையில் போடுங்கள்.

அளவுகள்:

- கூரையில் நடு இடம் நல்லது. சுவரிலிருந்து குறைந்தது 10 செ.மீ. தள்ளி. மூலையில் காற்று தேங்கும், புகை அங்கே தாமதமாகத்தான் வரும்.
- சுவரில் மாட்டுவதானால் கூரைக்கு 10 முதல் 30 செ.மீ. கீழே.
- அடுப்பிலிருந்து குறைந்தது 3 மீட்டர் தள்ளி.
- ஃபேன் இறக்கையின் நுனி, ஏ.சி. காற்று வரும் வாய், குளியலறைக் கதவு, இவற்றிலிருந்து குறைந்தது 90 செ.மீ. தள்ளி.
- ஓட்டுச் சரிவுக் கூரையில் உச்சிக்கு 90 செ.மீ.க்குள். ஆனால் உச்சியின் கடைசி 10 செ.மீ.யை விட்டுவிடுங்கள்.

தகரக் கொட்டகையில் ஸ்மோக் அலாரம் சரிவராது. பல மாடல்கள் 4 முதல் 38 டிகிரி வரையில்தான் ஒழுங்காக வேலை செய்யும் என்று பெட்டியிலேயே போட்டிருக்கும். சித்திரை வெயிலில் தகரத்தின் அடியில் அதைத் தாண்டிவிடும்.

படி 3: தேக்கையும் சுண்ணாம்பையும் கெடுக்காமல் மாட்டுவது

அதிகம் சேதம் நடப்பது இந்தப் படியில்தான், அதனால் அவசரப்படாதீர்கள். குடியிருப்பவர் துளை போடும் முன் வீட்டுக்காரரிடம் இடத்தைப் போட்டோ எடுத்து அனுப்பிச் சம்மதம் வாங்க வேண்டும். பர்மாத் தேக்கில் போட்ட துளையை எந்தப் பட்டி பூசினாலும் மறைக்க முடியாது.

மரக் கூரை: அலாரத்தின் பின்தட்டைப் பலகையில் வைத்து, இரண்டு துளையின் இடத்தையும் பென்சிலால் குறியுங்கள். 2 மி.மீ. பிட்டால் முதலில் சின்னத் துளை போடுங்கள். உலர்ந்த பழைய தேக்கில் நேராக ஸ்க்ரூவை முடுக்கினால் பலகை விண்டுவிடும், அல்லது ஸ்க்ரூவின் தலை முறியும். பெட்டியோடு வரும் நீள ஸ்க்ரூ கான்கிரீட்டுக்கு உரியது. இங்கே முக்கால் அங்குல ஸ்க்ரூ போதும். ஓவியமோ செதுக்கு வேலையோ உள்ள கூரை என்றால் தொடவே வேண்டாம், சுவருக்குப் போய்விடுங்கள்.

சுண்ணாம்புச் சுவர்: கண்ணாடி போலப் பளபளக்கும் பழைய பூச்சு, பல அடுக்காகப் பூசித் தேய்த்தது. மேல் தோலில் ட்ரில் பட்டால் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குப் பெயர்ந்துவிடும். அப்படிப்பட்ட பூச்சுக்கு மேலே, வெறும் வெள்ளையடித்த பகுதி கூரைக்குக் கீழே இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். துளைக்கும் இடத்தில் பேப்பர் டேப் ஒட்டி, ட்ரில்லின் ஹேமர் (அடித்துத் துளைக்கும்) முறையை அணைத்துவிட்டு, 6 மி.மீ. பிட்டால் மெதுவாகத் துளையுங்கள். பழைய பூச்சு கனமானது. ஸ்க்ரூவைப் பிடிக்கும் பிளாஸ்டிக் பிளக் பூச்சோடு நின்றுவிட்டால் நாலு மாதத்தில் அலாரம் பிளக்கோடு கழன்று விழும். செங்கல் தூள் சிவப்பாக வரும்வரை போங்கள். பிறகு தூளை ஊதித் தள்ளிவிட்டு பிளக்கை அடியுங்கள்.

இருபக்க டேப்பில் ஒட்டுவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. சுண்ணாம்பு பொடியாக உதிரும், வெயில் காலத்தில் பசை இளகும்.

கூரை 12 அடிக்கு மேல் என்றால் ஏணியைப் பிடிக்க இன்னொருவர் இல்லாமல் ஏறாதீர்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை வழவழப்பானது. ஏணிக் காலுக்கு ரப்பர் பூண் இருக்க வேண்டும், அல்லது ஈரச் சாக்கை அடியில் விரியுங்கள்.

பின்தட்டு நின்றதும் அலாரத்தைப் பொருத்தி வலப்பக்கம் திருப்பினால் பூட்டிக்கொள்ளும். சீல் பேட்டரி மாடல்களில் பெரும்பாலும் இப்படித் திருப்பும்போதுதான் மின்சாரமே ஓடும். மாட்டும் முன் அலாரத்தின் பின்பக்கத்தில் அச்சிட்ட தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். அதை மார்க்கரால் பக்கவாட்டில் பெரிதாக எழுதிவிட்டால், பின்னால் கழற்றாமலே வயது தெரியும்.

படி 4: இணைத்துச் சோதிப்பது

இணைக்கும் பொத்தானின் முறை மாடலுக்கு மாடல் மாறும், பெட்டியில் உள்ள தாளைப் பாருங்கள். எல்லா அலாரத்தையும் ஒரு மேஜையில் வைத்து இணைத்துவிட்டுப் பிறகு மாட்டுவது சுலபம். மாட்டிய பிறகு கடைசிக் கட்டில் உள்ளதன் டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பிடியுங்கள். ஒருவர் முகப்பு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கேட்க வேண்டும். அங்கே உள்ளது அடிக்கவில்லை என்றால், இரண்டு அடி கனமுள்ள சுவர்கள் சிக்னலைக் குடித்துவிட்டன என்று அர்த்தம். நடுக்கட்டில் இன்னொன்று போட்டால் பல மாடல்கள் அதன் வழியாகச் சிக்னலைக் கடத்தும். கடத்துமா என்பதை வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 5: பராமரிப்பு

மாதம் ஒருமுறை டெஸ்ட் பொத்தான். எட்டாத உயரம் என்றால் ஒட்டடைக் கம்பின் அடிப்பக்கத்தால் அழுத்தலாம். தீக்குச்சியும் ஊதுவத்தியும் காட்டிச் சோதிக்காதீர்கள். சாம்பலும் பிசினும் உள்ளே படிந்து அதன் கண்ணையே மறைக்கும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாக்குவம் கிளீனரின் மென்மையான பிரஷ்ஷால் பக்கவாட்டுத் துளைகளைச் சுத்தம் செய்யுங்கள். ஈரத்துணி, ஸ்ப்ரே, எண்ணெய் எதுவும் ஆகாது. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு ஈசல் வரும் நாட்களில் அலாரத்துக்குப் பக்கத்தில் விளக்கை எரியவிடாதீர்கள். உள்ளே புகுந்த ஒரு பூச்சியோ, துளையின் குறுக்கே ஒரு சிலந்தி இழையோ போதும், நள்ளிரவில் காரணமில்லாமல் அலறும்.

வெள்ளையடிக்கும்போது பிளாஸ்டிக் உறை போட்டு மூடுவது சரிதான். மூடியதை மறப்பதுதான் ஆபத்து. உறைக்குள் இருக்கும் அலாரமும் பொத்தானை அழுத்தினால் நன்றாகவே அடிக்கும், புகை மட்டும் உள்ளே போகாது. பெயின்ட் வேலை முடிந்து ஆளுக்குப் பணம் கொடுக்கும் முன் உறையைக் கழற்றியாயிற்றா என்று பாருங்கள்.

நிமிடத்துக்கு ஒருமுறை ‘கீக்’ என்று மட்டும் கத்தினால் பேட்டரி தீர்கிறது. புதுப் பேட்டரி போட்டும் கத்தினால், பேட்டரி அறையின் மூடி முழுதாகச் சாத்தவில்லை அல்லது அலாரத்தின் ஆயுள் முடிந்துவிட்டது. தயாரிப்புத் தேதியிலிருந்து 10 ஆண்டு ஆனால், நன்றாக அடித்தாலும் மாற்றிவிட வேண்டும். வாங்கிய தேதியைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

இன்னொன்று: ஸ்மோக் அலாரத்துக்கு சமையல் கேஸ் தெரியாது. எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவும். அதற்குத் தனி டிடெக்டரைத் தரையிலிருந்து சுமார் 30 செ.மீ. உயரத்தில் வைக்க வேண்டும். கசிவுக்கு அழைக்க 1906.

படி 6: ஒப்பந்தத்தில் எழுத வேண்டியது

இப்படி எழுதலாம்: ‘இந்தப் பகுதியில் 4 புகை அலாரங்களும் 1 வெப்ப அலாரமும் பொருத்தப்பட்டுள்ளன. குடிவரும் நாளில் இரு தரப்பும் சேர்ந்து சோதித்துச் சரியாக இருப்பதைக் கண்டனர். மாதச் சோதனையும் சுத்தம் செய்வதும் குடியிருப்பவர் பொறுப்பு. பழுதானதையும் ஆயுள் முடிந்ததையும், தகவல் கிடைத்த 7 நாளுக்குள் மாற்றுவது உரிமையாளர் பொறுப்பு. அலாரத்தைக் கழற்றவோ மூடிவைக்கவோ கூடாது.’

பேட்டரி மாற்றும் மாடல் என்றால் செலவு யாருடையது என்று ஒரு வரி சேருங்கள். எங்கள் கருத்தில் அது வீட்டுக்காரருடையதாக இருப்பதே நல்லது. சின்னச் செலவுக்காக ஒருவர் தள்ளிப்போடும் நாட்களில் வீடு காவலில்லாமல் கிடக்கும். மாதச் சோதனை முடிந்ததும் தேதியோடு வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பினால் அதுவே பதிவேடு.

வீட்டின் மற்றப் பகுதிகள் பூட்டிக் கிடந்து, திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் திறப்பதாக இருந்தால், அங்கேயும் இணைந்த அலாரம் ஒன்றாவது வேண்டும். பூட்டிய கட்டில் புகைந்தால் பக்கத்துப் பகுதியில் குடியிருப்பவருக்குத்தான் முதலில் தெரிய வேண்டும். அந்தக் கட்டின் சாவி யாரிடம் இருக்கிறது, மெயின் ஸ்விட்ச் எங்கே என்பதை அவருக்குச் சொல்லி வையுங்கள். அலாரம் அடித்தால் சாவியைத் தேடி நிற்காமல் ஆட்களை வெளியே கொண்டுவந்துவிட்டு, பிறகு 101 அல்லது 112-ஐ அழைக்க வேண்டும்.