மலையக ஈரத்தில் ஸ்கேட்போர்ட் சில்லுகளைப் பராமரிக்கும் முறை

நுவரெலியா, ஹட்டன், பண்டாரவளைப் பகுதிகளில் ஸ்கேட்போர்ட் ஓட்டுவோருக்குச் சில்லு தேய்வதைவிடப் பெரிய தொல்லை, அதனுள் இருக்கும் பேரிங் துருப்பிடிப்பதுதான். மழை பெய்யாத நாளிலும் பனிமூட்டம் வீதியை நனைத்துவிடும். அந்த ஈரத்தோடு செம்மண்ணும் உள்ளே புகுந்துவிட்டால், சில்லைக் கையால் சுழற்றும்போதே நறநறவென்ற ஓசை கேட்கும். ஓசை கேட்டதும் கழற்றித் துடைத்துவிடுவது நல்லது.

13 மில்லிமீற்றர் ஸ்பேனரால் நட்டைக் கழற்றுங்கள். சில்லின் இருபுறமும் இருக்கும் மெல்லிய வாஷர்கள் எளிதில் தொலைந்துவிடும் என்பதால், அவற்றை ஒரு சிரட்டையில் போட்டு வைக்கவும். பின்னர் அச்சின் நுனியை ஒரு பேரிங்கின் உட்புறத்தில் மட்டும் மாட்டி, சில்லைச் சற்றுச் சாய்த்துத் திருகி இழுத்தால் பேரிங் கழன்று வரும். ஒரு சில்லுக்கு இரண்டு வீதம் மொத்தம் எட்டு பேரிங்குகள் இருக்கும்.

பேரிங்கின் ரப்பர் மூடியைக் குண்டூசியால் ஓரத்தில் நெம்பி எடுத்து, சவர்க்கார நீரில் தனியாகக் கழுவுங்கள். பேரிங்குகளைப் பாமசியில் வாங்கிய ஐசோபுரோபைல் அற்ககோலில் அமிழ்த்திக் குலுக்குங்கள். திரவம் கலங்கினால் மாற்றிவிட்டு மீண்டும் குலுக்க வேண்டும். நெருப்புக்கு அருகில் இதைச் செய்யவே கூடாது. அடுத்தது உலர்த்துதல், நமது ஊரில் பலரும் அவசரப்படுவது இங்கேதான். குளிர்ந்த, ஈரமான காற்றில் பேரிங் எளிதில் காயாது என்பதால், துணியில் தட்டி, வெயில் இருந்தால் வெயிலிலும், இல்லையெனில் தலைமுடி உலர்த்தியின் இளஞ்சூட்டிலும் முழுமையாகக் காயவிட வேண்டும்.

காய்ந்தபின் ஒவ்வொன்றிலும் ஓரிரு துளி தையல் மெஷின் எண்ணெய் விட்டுச் சுழற்றுங்கள். வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெயை விடாதீர்கள்: 24 பாகைக்குக் கீழே அது உறையத் தொடங்கும், நுவரெலியாக் குளிரில் போத்தலுக்குள்ளேயே கட்டியாகிவிடும் எண்ணெய், பேரிங்குக்குள் எப்படி ஓடும்?

திரும்பப் பூட்டுமுன் சில்லுகளைக் கவனியுங்கள். ஒரு பக்கம் அதிகமாகத் தேய்ந்து கூம்பு வடிவம் பெற்றிருந்தால், முன் இடதைப் பின் வலதுக்கும், முன் வலதைப் பின் இடதுக்கும் மாற்றி, உட்புறம் வெளியே வரும்படி திருப்பிப் போடுங்கள். வட்டம் சிதைந்து ஓரிடம் தட்டையாகியிருந்தால் இடமாற்றம் உதவாது. புதிய சில்லுதான் வேண்டும்.

மூடி வெளியே பார்க்கும்படி பேரிங்கை அச்சில் வைத்து, அதன்மேல் சில்லை அழுத்தினால் பொருந்திவிடும். இரண்டு பேரிங்குகளுக்கும் இடையே குழாய்த்துண்டு இருந்திருந்தால் அதை மறக்க வேண்டாம். நட்டை முழுவதும் இறுக்கியபின் கால் சுற்று தளர்த்துங்கள். சில்லைப் பக்கவாட்டில் அசைத்தால் மிகச் சிறிதளவு ஆட்டம் இருக்க வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் நறநறப்பு நிற்காத பேரிங்கைத் தூக்கி எறிந்துவிட்டு, பேரிங் விற்கும் கடையில் 608 இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள்.