அந்தச் செய்தியில் இல்லாத எண்

பங்குச் சந்தை காலை 9.15-க்குத் திறக்கும். எங்கள் வாட்ஸ்அப் குரூப் எட்டரைக்கே திறந்துவிடும். சந்தை எப்படித் திறக்கும் என்று முன்கூட்டியே கோடிகாட்டும் கிஃப்ட் நிஃப்டி படத்தை ஒருவர் போடுவார், இன்னொருவர் ராத்திரி அமெரிக்காவில் என்ன ஆனது என்று சொல்வார், அதற்குள் யாராவது ஒரு ஷேர் பெயரையும் கூடவே நாலு ராக்கெட்டையும் போட்டிருப்பார். ஈரோட்டில் ஜவுளிக் கடை வைத்திருப்பவர், வங்கி மேலாளராக இருந்து ஓய்வுபெற்றவர், இரண்டு ஐ.டி. பையன்கள், ஒரு பள்ளி ஆசிரியை, நான் என்று மொத்தம் பதினோரு பேர். யாரும் பெரிய முதலாளி இல்லை. மாதம் ஐயாயிரம், பத்தாயிரம் போடுகிறவர்கள்தான்.

ஏழெட்டு வருடமாக இந்தப் பேச்சைக் கேட்டதில் எனக்கு ஒன்று பிடிபட்டது. எங்களில் யாரும் முழுப் பொய்யை நம்பிப் பணத்தை விட்டது குறைவு. வருகிற செய்தி பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். அதில் ஒரு எண் இருக்கும், அதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொரு எண் இருக்காது. அந்த இரண்டாவது எண்ணைத் தேடாமல் வாங்கிய இடத்தில்தான் கையைச் சுட்டுக்கொண்டோம்.

“எம்.ஆர்.எஃப். ஒரு லட்சம்... ஐடியா எட்டே ரூபாய்!”

2023 ஜூன் 13 அன்று சென்னைக் கம்பெனியான எம்.ஆர்.எஃப்.பின் ஒரு ஷேர் ஒரு லட்சம் ரூபாயைத் தொட்டது. இந்தியாவில் அதற்கு முன் எந்த ஷேரும் அந்த விலையைப் பார்த்ததில்லை. அன்றைக்குக் குரூப்பில் வந்த முதல் கேள்வி, “அந்தக் காசுக்கு வோடஃபோன் ஐடியா பன்னிரண்டாயிரம் ஷேர் வாங்கலாமே, எது லாபம்?” என்பது. அப்போது அது ஏழெட்டு ரூபாயில் இருந்தது.

விடுபட்ட எண், மொத்தம் எத்தனை ஷேர் இருக்கிறது என்பது. எம்.ஆர்.எஃப்.பில் இருப்பது சுமார் 42.4 லட்சம் ஷேர்தான். ஒரு லட்சத்தால் பெருக்கினால் கம்பெனியின் மொத்த விலை ஏறக்குறைய 42,400 கோடி ரூபாய். வோடஃபோன் ஐடியாவில் அப்போது இருந்தது சுமார் 4,868 கோடி ஷேர். எட்டு ரூபாயால் பெருக்கிப் பாருங்கள், 39,000 கோடியை நெருங்கும். ஆக, சந்தை இரண்டு கம்பெனிக்கும் கிட்டத்தட்ட ஒரே விலைதான் போட்டிருந்தது. ஒன்று டயர் விற்று லாபம் பார்க்கும் கம்பெனி. இன்னொன்று, அரசுக்குத் தர வேண்டிய வட்டிக்குப் பதிலாக 2023 பிப்ரவரியில் 1,613 கோடி ஷேரை அரசுக்கே எழுதிக் கொடுத்த கம்பெனி. எட்டு ரூபாய் என்பதில் மலிவு எங்கே இருக்கிறது?

சந்தையில் ஒருவர் தேங்காயை முழுசாக விற்கிறார், பக்கத்திலேயே ஒருவர் பத்தை போட்டு விற்கிறார். பத்தையின் விலை குறைவு என்பதால் அந்தத் தேங்காய் மலிவு என்று யாரும் சொல்வதில்லை. ஷேரில் மட்டும் சொல்கிறோம். “ஒன்றுக்கு ஒன்று போனஸ்” என்றதும் வாங்க ஓடுவதும் இதே கணக்குத்தான்: கையில் ஷேர் இரட்டிப்பாகும், விலை பாதியாகும், பை அதே கனம்தான். புதிய மியூச்சுவல் ஃபண்டைப் “பத்து ரூபாய்க்குக் கிடைக்கிறது” என்று சொல்லி விற்கிறவர்களுக்கும் இந்தப் பத்தைக் கதையைச் சொல்லலாம்.

இதே தவறு தலைகீழாகவும் வரும். 2025 அக்டோபர் 14 காலையில் ஆசிரியை பதறிப்போய் ஒரு படம் போட்டார். முந்தைய நாள் 660 ரூபாயில் முடிந்த டாடா மோட்டார்ஸ் 400-ல் நிற்கிறது, ஆப்பில் 40 சதவீத நஷ்டம் சிவப்பாகத் தெரிகிறது. உண்மையில் அன்று லாரி, பஸ் வியாபாரம் தனிக் கம்பெனியாகப் பிரிந்திருந்தது. ஒரு ஷேர் வைத்திருந்தவருக்குப் புதிய கம்பெனியில் ஒரு ஷேர் உண்டு, அது நவம்பரில்தான் பட்டியலுக்கு வந்தது. ஆப்புக்கு அந்தப் பாதி தெரியாது, அதனால் நஷ்டம் என்று காட்டியது. ஒரே நாளில் இப்படி விழுந்தால், விற்பதற்கு முன் கம்பெனி பிரிப்பு, போனஸ், ஸ்ப்ளிட் (ஒரு ஷேரைப் பல சின்ன ஷேராக உடைப்பது) ஏதாவது உண்டா என்று பார்க்க இரண்டு நிமிடம் போதும்.

“120 கோடி ஆர்டர்! நாளைக்கு சர்க்யூட் கன்ஃபார்ம்”

இது நானே செய்தது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஒரு சிறிய மின்சாதனக் கம்பெனி, பெயர் வேண்டாம். 120 கோடி ரூபாய்க்கு ஆர்டர் கிடைத்ததாகப் பங்குச் சந்தைக்குக் கடிதம் கொடுத்திருந்தது. செய்தி முழுக்க உண்மை. முதல் நாள் 10 சதவீத அப்பர் சர்க்யூட், அதாவது ஒரே நாளில் அந்த ஷேர் ஏற அனுமதித்த உச்ச வரம்பு. மறுநாள் மறுபடி சர்க்யூட்டை நெருங்கும்போது நான் உள்ளே போனேன்.

அந்தக் கடிதத்தை நான் படித்தது பத்து நாள் கழித்து, விலை இறங்கத் தொடங்கிய பிறகு. இரண்டே பக்கம். முதல் பக்கத்தில் “மகிழ்ச்சியுடன் தெரிவிக்கிறோம்” வகையறா. இரண்டாவது பக்கத்தில் ஒரு அட்டவணை: ஆர்டர் கொடுத்தது யார், உள்நாடா வெளிநாடா, எத்தனை காலத்தில் முடிக்க வேண்டும், தொகை எவ்வளவு, கம்பெனியைக் கையில் வைத்திருக்கும் உரிமையாளரான புரமோட்டருக்கு, ஆர்டர் கொடுத்த நிறுவனத்தில் பங்கு உண்டா. இதையெல்லாம் சொல்லியே ஆக வேண்டும் என்பது பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபியின் விதி. கால அளவு என்ற கட்டத்தில் ஐந்து வருடம் என்று போட்டிருந்தது. ஆக வருடத்துக்கு 24 கோடி. கம்பெனியின் ஆண்டு விற்பனை ஏற்கெனவே 400 கோடி. அது நூறு ரூபாய்க்கு விற்றால் ஐந்து ரூபாய் நிற்கிற தொழில், எனவே இந்த ஆர்டரால் கூடப்போவது வருடத்துக்கு 1.2 கோடி லாபம். அதற்காக 800 கோடி பெறுமான கம்பெனியின் மதிப்பை இரண்டே நாளில் நாங்கள் எல்லாருமாகச் சேர்ந்து 160 கோடிக்கு மேல் ஏற்றிவிட்டிருந்தோம். மூன்று வாரத்தில் விலை பழைய இடத்துக்கே வந்தது. நான் 31,000 ரூபாய் விட்டேன். வீட்டில் ரொம்ப நாள் சொல்லவில்லை.

தேசிய பங்குச் சந்தை, மும்பை பங்குச் சந்தை இரண்டின் தளத்திலும் கம்பெனி பெயரைப் போட்டால் இந்தக் கடிதங்கள் இலவசமாகக் கிடைக்கும். ஆங்கிலம்தான், ஆனால் தேவைப்படுவது அந்த ஒரு அட்டவணை மட்டும். சில வார்த்தைகளைக் கவனியுங்கள். டெண்டரில் “எல்-ஒன்” என்றால் மிகக் குறைந்த விலை கேட்டிருக்கிறார் என்று அர்த்தம், ஆர்டர் இன்னும் கையில் இல்லை. புரிந்துணர்வு ஒப்பந்தம் என்றால் நிச்சயதார்த்தம்கூட ஆகவில்லை, பெண் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். காலாண்டு முடிவில் “லாபம் 300 சதவீதம் உயர்வு” என்றால் எத்தனை கோடியிலிருந்து எத்தனை கோடிக்கு என்று கேட்க வேண்டும். ஒரு கோடி நாலு கோடி ஆனாலும் 300 சதவீதம்தான். அந்த மூன்று கோடியும் பழைய நிலத்தை விற்று வந்ததாக இருந்தால் அடுத்த காலாண்டில் விற்க இன்னொரு நிலம் வேண்டும்.

“அவர் சொன்னா கரெக்டா இருக்கும்”

2022 ஜூலையில் சாத்னா பிராட்காஸ்ட் என்ற சிறிய கம்பெனியைப் பற்றி யூடியூபில் வீடியோக்கள் வந்தன. அதானி குழுமம் இதை வாங்கப்போகிறது என்றன. அப்படி எதுவும் இல்லை. செபி 2023 மார்ச்சில் போட்ட இடைக்கால உத்தரவில் 31 பேரைச் சந்தையிலிருந்து விலக்கிவைத்தது. உத்தரவு விவரிக்கும் வேலைமுறை எளிது: முதலில் உள்ளுக்குள்ளேயே கைமாற்றி விலையை ஏற்றுவது, பிறகு வீடியோ போடுவது, கூட்டம் வாங்க வரும்போது தங்கள் ஷேரை அவர்கள் தலையில் கட்டுவது. இரண்டாயிரத்துச் சொச்சமாக இருந்த சிறு முதலீட்டாளர் எண்ணிக்கை ஐம்பத்தைந்தாயிரத்தைத் தாண்டியது என்கிறது அதே உத்தரவு.

இங்கே காணாமல்போன எண், சொல்கிறவர் எத்தனை ஷேர் வைத்திருக்கிறார், என்ன விலைக்கு வாங்கினார் என்பது. உள்நோக்கமே இல்லாத நண்பருக்கும் இது பொருந்தும். 90 ரூபாயில் வாங்கியவர் 140-ல் “நல்ல ஷேர்” என்கிறார். விலை 110-க்கு வந்தாலும் அவர் லாபத்தில்தான் இருப்பார், கேட்டு வாங்கியவர் இருக்க மாட்டார். இருவரும் பேசியது ஒரே ஷேரைப் பற்றி, கணக்கு மட்டும் வேறு. “பெரிய வெளிநாட்டு ஃபண்ட் பல்க் டீலில் வாங்கியிருக்கிறது” என்ற செய்தியிலும் வாங்கியவர் பெயரைத்தான் பகிர்கிறோம். பல்க் டீல் என்பது ஒரே நாளில் பெரிய அளவில் நடக்கும் வர்த்தகம்; அதைப் பற்றிச் சந்தை வெளியிடும் பட்டியலில் விற்றவர் பெயரும் இருக்கலாம். புரமோட்டரே விற்றிருந்தால்?

பெரிய 250 கம்பெனிகளில், வதந்தியால் விலை கணிசமாக நகர்ந்தால் 24 மணி நேரத்துக்குள் ஆம், இல்லை என்று விளக்கம் சொல்ல வேண்டும் என்ற விதி 2024 டிசம்பர் முதல் இருக்கிறது. சிறிய கம்பெனிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. வதந்தி கிளப்புகிறவருக்கு எந்தக் கம்பெனி வசதி என்று இனி நான் சொல்ல வேண்டியதில்லை.

காசு வாங்கிக்கொண்டு ஷேர் பெயர் சொல்பவர் செபியில் பதிவு செய்திருக்க வேண்டும். ஆய்வாளர் என்றால் பதிவு எண் ஐ.என்.ஹெச். என்றும், ஆலோசகர் என்றால் ஐ.என்.ஏ. என்றும் தொடங்கும், செபி தளத்தில் போட்டு, பெயரும் பொருந்துகிறதா என்று பாருங்கள். “நாங்கள் பாடம்தான் நடத்துகிறோம்” என்பவர்கள் கடைசி மூன்று மாத விலையைக் காட்டிப் பாடம் நடத்தக்கூடாது என்று 2025 ஜனவரியில் செபி சொல்லிவிட்டது. இன்றைய சார்ட்டை வைத்து வகுப்பு எடுத்தால் அது பாடம் இல்லை. முன்பின் தெரியாதவர் சேர்த்துவிட்ட “வி.ஐ.பி. குரூப்”, அவர்களே லிங்க் தரும் டிரேடிங் ஆப் என்றால் பேச்சே வேண்டாம், வெளியே வாருங்கள். அதில் தெரியும் லாபம் திரையில் மட்டும்தான் இருக்கும், எடுக்கப்போனால் “வரி கட்டுங்கள்” என்பார்கள். பணம் அனுப்பிவிட்டீர்கள் என்றால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள்.

“இன்னும் இறங்கட்டும், ஆவரேஜ் பண்ணிடலாம்”

எனக்குத் தெரிந்து குரூப் பேச்சில் மிக அதிகம் செலவு வைக்கும் வாக்கியம் இதுதான். யெஸ் பேங்க் விலையை வைத்தே கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2018 ஆகஸ்டில் அது 400 ரூபாய்ப் பக்கம் இருந்தது. ஒருவர் 50,000 ரூபாய்க்கு 125 ஷேர் வாங்குகிறார் என்று வையுங்கள். 200-க்கு வந்ததும் இன்னொரு 50,000, 100-ல் இன்னொன்று, 50-ல் இன்னொன்று. இப்போது கையில் 1,875 ஷேர், சராசரி விலை 107 ரூபாய். “400-ல் இருந்து 107-க்குக் கொண்டுவந்துட்டேன்” என்று குரூப்பில் போட்டால் கைதட்டல் கிடைக்கும்.

2020 மார்ச் 5 அன்று ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்தது. மறுநாள் விலை ஒரு கட்டத்தில் 5.55 வரை போனது. இரண்டு லட்சம் போட்ட இடத்தில் பத்தாயிரத்துச் சொச்சம். விற்றுவிட்டுப் போகலாம் என்றால், சீரமைப்புத் திட்டத்தில் நூறு ஷேருக்கு மேல் வைத்திருந்தவர்களின் ஷேரில் நாலில் மூன்று பங்கு மூன்று வருடத்துக்குப் பூட்டப்பட்டது.

சராசரி விலை 107 என்பது அந்தக் கதையில் எதற்கும் உதவாத எண். கேட்டிருக்க வேண்டியது, மொத்த முதலீட்டில் இந்த ஒரு ஷேர் எத்தனை சதவீதம் என்பதை. ஐந்து லட்சம் வைத்திருந்தவர் 50,000 போட்டபோது அது பத்து சதவீதம். இறங்க இறங்க வாங்கி அதை நாற்பது சதவீதம் ஆக்கிவிட்டார். வாங்கிய காரணமும் வழியிலேயே போய்விட்டது: தலைமை அதிகாரியின் பதவிக்காலத்தை 2019 ஜனவரியோடு முடிக்கச் சொல்லி ரிசர்வ் வங்கி 2018 செப்டம்பரிலேயே சொல்லியிருந்தது. நல்ல கம்பெனியின் விலை சந்தையோடு சேர்ந்து இறங்கும்போது கூட வாங்குவதை நான் தப்பு சொல்லவில்லை, நானும் செய்கிறேன். முதலில் வாங்கிய காரணத்தை ஒரு வரியில் எழுதிவைத்து, அது இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் செய்கிறேன்.

“இன்னிக்கு ஆப்ஷன்ல 18,000!”

ஆப்ஷன் என்பது ஷேரையே வாங்காமல், குறிப்பிட்ட தேதிக்குள் விலை ஏறுமா இறங்குமா என்று பணம் கட்டுவது. ஐ.டி. பையன்களில் ஒருவன் அதில் வந்த லாபத்தை வாரம் ஒரு ஸ்க்ரீன்ஷாட்டாகப் போடுவான். மற்ற நாலு நாள் படம் வராது. 2024 செப்டம்பரில் செபி வெளியிட்ட ஆய்வு அந்த நாலு நாளையும் சேர்த்து எண்ணியது: 2021-22 முதல் மூன்று நிதியாண்டில், எஃப் அண்ட் ஓ-வில் (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வர்த்தகத்தில்) இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டம். மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். செலவு போக ஒரு லட்சத்துக்கு மேல் சம்பாதித்தவர்கள் நூற்றுக்கு ஒருவர்.

2024 தேர்தல் வாரம் நினைவிருக்கும். கருத்துக்கணிப்பை நம்பி ஜூன் 3 அன்று சென்செக்ஸ் 2,507 புள்ளி ஏறியது. ஜூன் 4 அன்று 4,390 புள்ளி விழுந்தது. ஜூன் 7-ல் புதிய உச்சத்தில் முடிந்தது. ஷேரை வாங்கி வைத்திருந்தவர் அந்த வாரம் தூங்கியிருந்தால்கூட ஒன்றும் ஆகியிருக்காது. ஏறும் என்று நம்பி ஆப்ஷனில் பணம் கட்டியிருந்தவனுக்கு 4-ஆம் தேதியே ஆட்டம் முடிந்திருக்கும். 7-ஆம் தேதி சந்தை மீண்டது அவன் பணத்துக்கு உதவியிருக்காது.

சின்னச் சின்னதாக இன்னும் உண்டு. கம்பெனி தன் லாபத்தில் பிரித்துத் தரும் டிவிடெண்டுக்காக, அதற்குக் குறித்த எக்ஸ்-டேட் அன்றே வாங்குவார்கள். அன்று வாங்கினால் கிடைக்காது, முந்தைய வர்த்தக நாளுக்குள் வாங்கியிருக்க வேண்டும். வாங்கினாலும் டிவிடெண்ட் அளவுக்கு விலை பொதுவாகக் குறைந்துதான் திறக்கும். “அஞ்சு பர்சென்ட் வந்தாச்சு, வித்துடு” என்பவர், ஒரு வருடத்துக்குள் விற்ற லாபத்துக்கு 20 சதவீத வரி என்பதைச் சொல்ல மாட்டார். ஒரு வருடம் தாண்டினால் நிதியாண்டில் 1.25 லட்சம் வரை வரி இல்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம்.

எங்கள் குரூப்பில் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். ஷேர் பெயர் போடுகிறவர், தான் வாங்கிய விலையையும் தன் மொத்த முதலீட்டில் அது எத்தனை சதவீதம் என்பதையும் சேர்த்துப் போட வேண்டும். போன வாரம் ஜவுளிக் கடைக்காரர் காலையிலேயே ஒரு பெயரைப் போட்டு, “டார்கெட் 480, ஷ்யூர்” என்று எழுதியிருந்தார். ஓய்வுபெற்ற மேலாளர் கேட்டார்: “தம்பி, நீங்க என்ன விலைக்கு வாங்குனீங்க?”

பத்து நிமிடம் பதிலே இல்லை. பிறகு வந்தது: “நான் இன்னும் வாங்கலைங்க சார். எங்க மச்சான் அனுப்புனாருங்க.”