காட்டுத்தீ நெருங்குகிறதா? கிளம்புமுன் இவற்றைச் செய்யுங்கள்

கலிஃபோர்னியாவில் பல வீடுகளைப் பற்றவைப்பது நெருப்புச் சுவர் அல்ல. ஒரு மைலுக்கு அப்பாலிருந்தும் காற்றில் பறந்து வரும் தீப்பொறிதான். பொறி எங்கே தங்கும் என்று பாருங்கள்: கூரையோர மழைநீர்க் கால்வாயில் கிடக்கும் சருகு, வாசல் மிதியடி, பிளாஸ்டிக் நாற்காலி, மெத்தை. சுவரிலிருந்து 5 அடிக்குள் எரியக்கூடியது எதுவும் வேண்டாம். மரப்பட்டைத் தூளைச் செடிக்குப் போட்டிருந்தால் அதையும் அள்ளிவிடுங்கள். பரண் காற்றுத்துளைகளுக்கு 3 மி.மீ. கண்ணுள்ள உலோக வலை போதும். ஆனால் அதை முன்கூட்டியே அடித்திருக்க வேண்டும்.

உள்ளே, மெல்லிய திரைச்சீலைகளைக் கழற்றுங்கள். சோபாவை அறை நடுவுக்கு இழுங்கள். வெளிச்சூடு கண்ணாடி வழியாகவே துணியைப் பற்றவைக்கும். ஏசியை அணைத்து, ஜன்னல், கதவுகளைச் சாத்துங்கள், பூட்ட வேண்டாம். தீயணைப்பு வீரர்கள் உள்ளே வரவேண்டியிருக்கலாம். புகையில் வீடு தெரிய விளக்குகள் எரியட்டும். கேஸை மீட்டரில் மூடுங்கள். திரும்பத் திறப்பது கேஸ் நிறுவனத்தின் வேலை. தோட்டத்துத் தண்ணீரைத் திறந்துவிட்டுப் போவது பலர் செய்யும் தவறு, தீயணைப்பு வீரர்கள் நம்பியிருக்கும் தெருக்குழாயில் அழுத்தம் குறைந்துவிடும்.

காரின் முகம் தெருவைப் பார்த்து நிற்கட்டும். மின்சாரம் போனால் கராஜ் கதவு மக்கர் செய்யும். மோட்டாரிலிருந்து தொங்கும் சிவப்புக் கயிற்றை இழுத்துவிட்டு, கதவைக் கையால் தூக்கலாம். வீட்டிலுள்ள எல்லோரும் ஒருமுறை இழுத்துப் பழகுங்கள். முழுக்கைப் பருத்தி உடை போடுங்கள். நைலான் உருகித் தோலில் ஒட்டும். வெளியேறும் உத்தரவுக்காகக் காத்திருக்காதீர்கள். எச்சரிக்கை வந்ததுமே முதியோரையும் செல்லப்பிராணிகளையும் அனுப்பிவிடுங்கள்.