ஓய்வுபெற்றவர்களுக்கு நேரடி இசை நிகழ்ச்சி: குழுவைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஓய்வுபெற்றவர்களின் விழா ஒன்றுக்கு இசைக்குழு பிடிக்கும் பொறுப்பு முதன்முதலாக என்னிடம் வந்தபோது, பாட்டுப் பட்டியலை மட்டும் பார்த்துக் குழுவை முடிவு செய்தேன். மூன்றாவது பாட்டில் முன்வரிசைப் பெரியவர் ஒருவர் காதுக்கருவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு நான் கடைப்பிடிக்கும் முறை இது.

படி 1: வயதை ஆண்டாக மாற்றுங்கள்

பதின்ம வயதிலும் இருபதுகளிலும் கேட்ட பாட்டுதான் பெரும்பாலும் மனதில் ஆழமாக நிற்கிறது. எனவே பிறந்த ஆண்டோடு 15-ஐயும் 25-ஐயும் கூட்டிப் பாருங்கள். 1955-இல் பிறந்தவருக்கு 1970 முதல் 1980 வரை. 60 வயதுக்காரரும் 85 வயதுக்காரரும் ஒரே அரங்கில் இருந்தால் இடையில் 25 ஆண்டுகள் இருக்கின்றன. ‘பழைய பாட்டு’ என்று பொதுவாகச் சொன்னால் ஒரு தரப்பு விடுபட்டுப் போகும். வருபவர்களிடம் ஆளுக்கு மூன்று பாட்டு எழுதி வாங்கிக் குழுவிடம் கொடுத்துவிடுங்கள்.

படி 2: சிறிய குழு

ஒரு குரல், ஒரு கீபோர்டு அல்லது கிட்டார், ஒரு புல்லாங்குழலோ வயலினோ. என்னைக் கேட்டால் இதுவே போதும். பதிவு செய்த டிராக்கை ஓடவிட்டு மேலே பாடுகிறவர்கள் வேண்டாம். கூட்டம் சேர்ந்து பாடும்போது வேகத்தைக் குறைக்கவும், பல்லவியை இன்னொரு முறை எடுக்கவும் டிராக்குக்குத் தெரியாது. வயதானால் மேல் ஸ்தாயி எட்டாது. சுருதியை ஒரு கட்டை இறக்கிப் பாடுவார்களா என்று முன்பே கேளுங்கள்.

படி 3: ஒலி

நான் தவறியது இங்கேதான். ‘காது கேட்காது, சத்தத்தைக் கூட்டுவோம்’ என்று நினைத்தேன். வயதாகும்போது முதலில் குறைவது உயர் அதிர்வெண் ஒலிகள். ஸ், ஃப் போன்ற மெய்யொலிகள் மங்குவதால் பாட்டு வரிகள் புரியாமல் போகின்றன. அதே காதுக்கு, மெல்லிய ஒலி எட்டாவிட்டாலும் கொஞ்சம் கூட்டினாலே குத்தும். காதுக்கருவிகளும் பேச்சை மனதில் வைத்தே அமைக்கப்படுகின்றன. பலத்த இசை அவற்றில் சிதைந்து கேட்கலாம்.

ஆகவே குழுவிடம் மூன்று விஷயம் சொல்லுங்கள்: எக்கோ வேண்டாம், குரல் முன்னால் நிற்கட்டும், டிரம்ஸ் அடங்கட்டும். மேடையில் இரண்டு பெரிய ஸ்பீக்கர் வைப்பதைவிட, சிறிய ஸ்பீக்கர்களை அரங்கில் பரப்பி வைப்பது நல்லது. முன்வரிசையில் உட்கார்ந்து கைபேசிச் செயலியில் அளந்து பாருங்கள். 85 டெசிபலில் 8 மணி நேரம் என்பது வேலையிடங்களுக்குச் சொல்லப்படும் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். நான் 75-ஐத் தாண்ட விடுவதில்லை. பக்கத்து நாற்காலிக்காரரிடம் குரலை உயர்த்தாமல் ‘இது யார் பாடியது?’ என்று கேட்க முடிந்தால் அளவு சரி.

படி 4: நேரம்

40 நிமிடம், நல்ல இடைவேளை, மறுபடி 40 நிமிடம். கைப்பிடி உள்ள நாற்காலி. பாட்டு வரிகளைப் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொடுங்கள்.

பின்சேர்க்கை: அரங்கில் ‘லூப்’ வசதி (மைக் ஒலியைக் காந்த அலையாகக் காதுக்கருவிக்கே நேராக அனுப்பும் கம்பிச் சுற்று) இருந்தால் பயன்படுமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். பயன்படும், ஆனால் காதுக்கருவியில் அந்த அலையை வாங்கும் ‘டெலிகாயில்’ என்ற சிறு கம்பிச்சுருள் இருக்க வேண்டும்; எல்லாக் கருவியிலும் இருக்காது. காதுக்கருவி அணிந்த ஒருவரை ஒலிச் சோதனைக்கே வரச் சொல்லி, கருவியைப் போட்டுக்கொண்டு கேட்கச் சொல்லுங்கள். இப்போதெல்லாம் அவர் தலையாட்டிய பிறகுதான் நான் கதவைத் திறக்கச் சொல்கிறேன்.