கூப்பனால் மளிகைச் செலவு குறையுமா? நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கும் வழி

குறையும். ஆனால் பில்லின் அடியில் "இன்று நீங்கள் சேமித்தது" என்று கொட்டை எழுத்தில் ஒரு தொகை அச்சடித்துக் கொடுக்கிறார்களே, அந்த அளவுக்குக் குறையாது. அந்தத் தொகை பெரும்பாலும் எம்.ஆர்.பி.யிலிருந்து விற்ற விலையைக் கழித்துப் போட்டது. பருப்பு, எண்ணெய், மாவு இதையெல்லாம் எம்.ஆர்.பி. கொடுத்து யார் வாங்குகிறார்கள்? தெருமுனை அண்ணாச்சி கடையிலேயே பல சாமான்களுக்குக் கேட்காமலே குறைத்துத்தான் போடுவார்கள்.

ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். கிலோ துவரம் பருப்பு பாக்கெட்டில் எம்.ஆர்.பி. 240, கூப்பன் போட்ட பிறகு 150. பில் 90 ரூபாய் மிச்சம் என்று சொல்லும். நீங்கள் வழக்கமாக வாங்கும் கடையில் அதே தரத்துப் பருப்பு சில்லறையில் 145 என்றால் கூப்பனால் 5 ரூபாய் போனதுதான் மிச்சம். ஆகவே எந்தக் கூப்பனைப் பார்த்தாலும் "எவ்வளவு தள்ளுபடி" என்று கேட்காதீர்கள், "நான் சாதாரணமாக என்ன விலைக்கு வாங்குவேன்" என்று கேளுங்கள்.

அதற்கு உங்கள் கையில் ஒரு விலைப்பட்டியல் இருக்க வேண்டும். பெரிய வேலை ஒன்றும் இல்லை. மாதாமாதம் தவறாமல் வாங்கும் சாமான்கள், அதாவது பருப்பு, உளுந்து, எண்ணெய், துணி சோப்பு, பாத்திரம் தேய்க்கும் சோப்பு, பற்பசை, டீத்தூள் என்று ஒரு பதினைந்து இருபது பொருள் தேறும், அவற்றைப் பழைய பில்களிலிருந்து எடுத்து, கிலோ என்ன விலை, லிட்டர் என்ன விலை என்று போனில் குறித்துக்கொள்ளுங்கள். ஆஃபர் விலையைக் குறிக்காதீர்கள், ஆஃபர் இல்லாத நாளில் கொடுத்த விலைதான் வேண்டும். ஏற்கனவே இப்படிக் குறித்து வைத்திருப்பவர்கள் 2025 செப்டம்பர் 22-க்கு முந்தைய விலைகளை அழித்துவிட்டுப் புதிதாக எழுதுங்கள். அன்றிலிருந்து குளியல் சோப்பு, ஷாம்பு, பற்பசை, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் இவற்றுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. வரியோடு 100 ரூபாய்க்கு விற்ற பொருள் அந்தக் கணக்கில் சுமார் 89 ரூபாய்க்கு வர வேண்டும். அந்த 11 ரூபாய் வரியில் குறைந்தது, கடைக்காரர் கொடுத்த சலுகை இல்லை. பழைய விலையை வைத்து ஒப்பிட்டால் எல்லாமே ஆஃபர் மாதிரிதான் தெரியும்.

அப்புறம் எடை. முன்பெல்லாம் எண்ணெய், பிஸ்கட், டீத்தூள் போன்றவற்றுக்கு இன்ன அளவில்தான் பாக்கெட் போட வேண்டும் என்று சட்டத்தில் ஒரு பட்டியல் இருந்தது. 2022-இல் அதை எடுத்துவிட்டார்கள். அதனால் பார்க்க ஒரு லிட்டர் போலவே இருக்கும் எண்ணெய் பாக்கெட்டில் அதைவிடக் குறைவாக இருக்கலாம். லிட்டர் பாக்கெட் என்றால் சுமார் 910 கிராம் இருக்கும். கையில் இருப்பதில் 850 கிராம் என்று போட்டிருந்தால் அது லிட்டர் இல்லை. 10 ரூபாய் கூப்பன் அந்த 60 கிராமுக்கே சரியாகப் போய்விடும். அந்தப் பட்டியலை எடுத்ததற்குப் பதிலாக, ஒரு கிராம் அல்லது ஒரு கிலோ என்ன விலை என்பதைப் பாக்கெட்டிலேயே அச்சிட வேண்டும் என்று விதி கொண்டுவந்தார்கள். எம்.ஆர்.பி.க்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும், கண்ணாடி போட்டுக்கொண்டு தேடுங்கள். அது எம்.ஆர்.பி.யை வைத்துப் போட்ட கணக்கு என்பதால் தள்ளுபடி விலையை நீங்கள்தான் வகுத்துப் பார்க்க வேண்டும். பெரிய பாக்கெட் என்றால் மலிவு என்றும் நம்பிவிடாதீர்கள். ஷாம்பில் பல பிராண்டுகளுக்கு பாட்டிலை விட சாஷேதான் மில்லிக்கு மலிவு, பாட்டிலுக்குக் கூப்பன் போட்ட பிறகும்கூட.

சாஷே என்றதும் ஞாபகம் வருகிறது. சிக் ஷாம்பு சந்தைக்கு வந்த புதிதில், காலி சாஷேக்களைக் கொண்டுவந்து கொடுத்தால் ஒரு சிக் சாஷே இலவசம் என்று ஒரு திட்டம் போட்டார்கள். முதலில் எந்தக் கம்பெனி சாஷேயாக இருந்தாலும் வாங்கிக்கொண்டார்கள். சனங்களுக்குப் பழகிய பிறகு சிக் சாஷே மட்டும்தான் செல்லும் என்று மாற்றிவிட்டார்கள். விற்பனை எங்கேயோ போனது. இலவசம் என்பது எதற்காகக் கொடுக்கப்படுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. புது பிராண்டுக்குக் கூப்பன் வந்தால் தாராளமாக வாங்குங்கள், தீர்ந்ததும் பழைய பிராண்டுக்கே திரும்பிவிடுவீர்களா என்று மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்.

இப்போது நிறையப் பேர் மாட்டிக்கொள்ளும் இடத்துக்கு வருவோம்: "1500 ரூபாய்க்கு மேல் வாங்கினால் 150 தள்ளுபடி." உங்கள் லிஸ்ட் 1180-இல் முடிந்துவிட்டது. இன்னும் 320-க்கு எதையாவது எடுத்துப் போட்டால் பில் 1500, தள்ளுபடி போக 1350. அதாவது 150 மிச்சம் பிடிக்கப் போய் 170 கூடுதலாகச் செலவு செய்திருக்கிறீர்கள். இது நஷ்டமா என்றால், அந்த 320-க்கு என்ன எடுத்தீர்கள் என்பதைப் பொறுத்தது. அடுத்த மாதம் எப்படியும் வாங்க வேண்டிய பற்பசையும் துணி சோப்பும் என்றால் 320 ரூபாய் சாமான் 170-க்குக் கிடைத்திருக்கிறது, பிரமாதம். பில் போடும் இடத்துக்குப் பக்கத்தில் அடுக்கியிருக்கும் சாக்லேட்டும் சிப்ஸும் என்றால் 170 போச்சு. அதனால் இடைவெளியை நிரப்ப ஒரு சின்ன லிஸ்ட் தனியாக வைத்திருங்கள்: கெடாதவை, வண்டு வைக்காதவை, வீட்டில் கட்டாயம் தீரக்கூடியவை. சோப்பு வகைகள், கழிப்பறை கழுவும் திரவம், உப்பு, குப்பைப் பைகள். ரவை, மைதா, கடலை மாவு வேண்டாம், இரண்டு மாதத்தில் பூச்சி வந்துவிடும்.

சதவீதக் கூப்பனில் கணக்கு வேறு மாதிரி. "20 சதவீதம் தள்ளுபடி, அதிகபட்சம் 75 ரூபாய்" என்றால் 375 ரூபாய்க்கு வாங்கும்போதே முழுத் தள்ளுபடியும் கிடைத்துவிடுகிறது. அதற்கு மேல் வாங்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் முழு விலை. ஆயிரம் ரூபாய்க்கு வாங்கினால் அது வெறும் ஏழரை சதவீதம். குறைந்தபட்சத் தொகை எதுவும் போடவில்லை என்றால் 375-ஐ ஒட்டி நிறுத்திக்கொள்ளுங்கள். "இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்" என்பதும் மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடிதான், பாதி இல்லை. அதை எடுக்கும்போது மூன்று பாக்கெட்டிலும் காலாவதித் தேதியைப் பாருங்கள், தேதி நெருங்கிய சரக்கைத் தள்ளிவிட இந்த வகை ஆஃபர் வசதி.

ஆப்பில் வாங்குபவர்கள் கூப்பன் கோடு போட்டதும் வரும் வாழ்த்தைப் பார்த்து மயங்க வேண்டாம், கடைசித் திரைக்குப் போய் கட்ட வேண்டிய மொத்தத் தொகையைப் பாருங்கள். 60 ரூபாய் தள்ளுபடி, டெலிவரி 25, ஹேண்ட்லிங் 12 என்றால் மிஞ்சுவது 23. மழை பெய்தால் அதற்கும் சில ஆப்களில் ஒரு சார்ஜ். நீங்கள் போடாத சாமானை கார்ட்டில் சேர்ப்பது, "இன்னும் 5 நிமிடம்தான்" என்று பொய்யாக அவசரப்படுத்துவது, முதலில் சொல்லாத கட்டணத்தைக் கடைசியில் ஏற்றுவது, இவை எல்லாம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் தடை செய்த 13 வகைத் தந்திரங்களில் வருபவை. அப்படி எதையாவது பார்த்தால் திரையைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு 1915-க்குப் போன் செய்து புகார் கொடுக்கலாம்.

"அடுத்த முறை வந்தால் 100 ரூபாய் தள்ளுபடி" என்று பில்லோடு இணைத்துத் தரும் கூப்பன் கொஞ்சம் தொல்லை பிடித்தது. அதற்கு ஒரு தேதி இருக்கும், ஒரு குறைந்தபட்சத் தொகையும் இருக்கும், அந்தத் தேதிக்குள் நீங்கள் போக வேண்டிய தேவை இருக்காது. போக ஒரு ஆட்டோ, வரும்போது பையனுக்கு ஐஸ்கிரீம், முடிந்தது கதை. உங்கள் அடுத்த மாத மளிகைத் தேதிக்குள் அது செல்லுமானால் பர்ஸில் வையுங்கள், இல்லையென்றால் கடையிலேயே யாருக்காவது கொடுத்துவிடுங்கள். வாலட்டில் விழும் கேஷ்பேக்குக்கும் இதே விதிதான், காலாவதியாகும் பணத்தைப் பணமாக எண்ணாதீர்கள். இன்னொன்று, பில் போட மொபைல் எண் கட்டாயம் என்று சொன்னால் கொடுக்கத் தேவையில்லை. எண்ணைக் கேட்டு வற்புறுத்தக் கூடாது என்று 2023-இலேயே மத்திய நுகர்வோர் துறை சில்லறைக் கடைகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. பாயிண்ட் வேண்டும் என்று நினைத்தால் கொடுங்கள், அது உங்கள் விருப்பம்.

எந்தக் கூப்பனாலும் தொட முடியாத விலை ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டில் ரேஷன் கடையில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். கார்டு இருந்தும் வாங்காமல் விட்டுவிட்டு ஆப்பில் பருப்புக்குக் கூப்பன் தேடுகிறவர்கள் எத்தனையோ பேர். பாமாயில் சிலருக்குப் பிடிக்காது, சரி. பருப்பையாவது முதலில் அங்கே வாங்கிவிட்டு, மீதி லிஸ்டுக்குக் கூப்பன் தேடுங்கள்.

கடைசியாக ஒரு சோதனை. கூப்பனே தொடாமல் ஒரு மாதம், கூப்பன் தேடித் தேடி ஒரு மாதம் வாங்கிப் பாருங்கள், இரண்டிலும் மளிகைக்குப் போன மொத்தத் தொகையை எழுதுங்கள். தீபாவளி, பொங்கல் வரும் மாதங்களை இதில் சேர்க்காதீர்கள், எண்ணெயும் வெல்லமும் கணக்கைக் கெடுத்துவிடும். இரண்டாவது மாதத் தொகை அதிகமாக இருந்தால் மாத முடிவில் அலமாரியில் என்ன மீந்திருக்கிறது என்று பாருங்கள். சோப்பும் பற்பசையும் மீந்திருந்தால் மூன்றாவது மாதத்தில் அது கழியும். திறக்காத மயோனைஸ் பாட்டில் இரண்டு இருந்தால் அந்தக் கடையின் மெசேஜை மியூட் செய்துவிடுங்கள்.