மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவு நின்றுவிட்டால்

அரசாங்கம் மாதாமாதம் தரும் இந்தக் கொடுப்பனவை நிறுத்திவிட்டோம் என்று யாரும் வீடு தேடி வந்து சொல்லமாட்டார்கள். வங்கிப் புத்தகத்தை மெஷினில் விட்டு எடுத்தால் அந்த மாதத்துக் காசு விழுந்திருக்காது, அவ்வளவுதான். எங்கள் அத்தானுக்கு ஆகஸ்ட் மாதக் காசு விழுந்தது, செப்டெம்பர் விழவில்லை. "தீபாவளி வருதுதானே, சேர்த்துப் போடுவாங்க" என்று அக்கா ஒக்டோபரும் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் எனக்குப் போன் வந்தது.

அத்தான் கொழும்பில், புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் நாட்டாமையாக மூட்டை தூக்கியவர். சீனி வருத்தத்தில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நான் புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியின் கந்தோரில் 31 வருடம் டைப் அடித்தவள். சட்டம் படிக்கவில்லை. ஆனால் எந்தக் கடிதத்துக்குப் பதில் வரும், எது அலுமாரிக்குப் போகும் என்று ஓரளவு தெரியும்.

முதலில், காசு நிறுத்தப்பட்டதா அல்லது வழியில் எங்காவது சிக்கிக் கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். இது தெரியாமல் மேன்முறையீடு எழுதினால் இரண்டு மாதம் வீண். வங்கிக்குப் போய், கணக்கு உயிரோடு இருக்கிறதா, ஏதாவது வந்து திரும்பிப் போயிருக்கிறதா என்று கேளுங்கள். அடையாள அட்டை இலக்கத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஒரு எழுத்தும், 2016க்குப் பிறகு வந்த அட்டையில் பன்னிரண்டு இலக்கம். கணக்கு பழைய இலக்கத்திலும் பட்டியல் புதிய இலக்கத்திலும் இருந்தால் அதையும் வங்கியில் சொல்லிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் அப்படித்தான்.

வங்கியில் பிழை இல்லையென்றால், பெயர் எந்தப் பட்டியலில் இருந்தது என்று பாருங்கள். சிலருக்கு இந்தக் காசு அஸ்வெசும என்ற அரசாங்க நலன்புரித் திட்டம் வழியாக வரும். அதற்குப் பொறுப்பு 2002ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழுள்ள நலன்புரி நன்மைகள் சபை, போன் இலக்கம் 1924. சிலருக்குப் பிரதேச செயலகத்தின் சமூக சேவைப் பிரிவு வைத்திருக்கும் பட்டியல் வழியாக வரும். உங்கள் பெயர் எதில் இருக்கிறது என்பதைக் கிராம சேவகரிடமோ சமூக சேவை உத்தியோகத்தரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டு, அதன்படி கடிதத்தில் முகவரி போடுங்கள். நான் சந்தேகத்துக்கு இரண்டு இடத்துக்கும் பிரதி போட்டேன்.

இனி எங்கள் வீட்டு முட்டாள்தனம். காசு ஏன் நின்றது என்று தேடும்போது அக்கா சாமித்தட்டில் லக்ஷ்மி படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு கடிதத்தை உருவி எடுத்தாள். முழுக்கச் சிங்களம். "அரசாங்கக் கடிதம்தானே, பத்திரமாக வைத்தேன்" என்றாள். பத்திரமாகத்தான் இருந்தது, ஒன்பது வாரம். கீழ் மாடிப் பிள்ளை வாசித்துச் சொன்னாள்: மீளாய்வுக்கு இன்ன திகதியில் வீட்டில் இருக்கவும். அந்தத் திகதி எப்போதோ போய்விட்டது. அதைவிட மோசம், கடிதம் எழுதப்பட்டிருந்தது பழைய விலாசத்துக்கு. முன்பிருந்த தோட்டத்திலிருந்து (கொழும்பில் நெருக்கமான சின்ன வீடுகள் இருக்கும் இடத்தை அப்படித்தான் சொல்வோம்) இவர்கள் தொடர்மாடிக்கு வந்து ஒன்றரை வருடம். தபால்காரர் தெரிந்தவர் என்பதால் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்.

ஆகவே, வாசிக்கத் தெரியாத கடிதம் வந்தால் அன்றைக்கே யாரிடமாவது கொடுத்து வாசிப்பியுங்கள். தமிழும் அரச கரும மொழி. அரசாங்க அலுவலகத்துக்குத் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் உரிமை இருக்கிறது, அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயத்தில் அது உண்டு. நான் ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் "பதிலைத் தமிழில் தரவும்" என்று ஒரு வரி போடுவேன். மூன்றில் இரண்டு தமிழில் வந்தன.

அடுத்தது காரணம். இங்கேதான் எல்லோரும் வழுக்குகிறார்கள், நாங்களும் வழுக்கினோம். பிரதேச செயலகத்தில் இருந்த மிஸ் அத்தானை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நடக்கிறார்தானே" என்றார். அத்தான் கொம்பனித்தெரு பிரெண்ட் இன் நீட் சங்கத்தில் செய்த ஜெய்ப்பூர் கால் என்ற செயற்கைக் கால் போட்டிருந்தார், அதற்கு மேல் காற்சட்டை. அக்காவுக்குக் கோபம் வந்து, அங்கேயே அத்தானின் காற்சட்டையை மடித்துக் காட்டச் சொன்னாள். அத்தான் தலையைக் குனிந்துகொண்டு மடித்தார். எனக்கு இன்னும் அது மனதில் இருக்கிறது. ஆனால் உண்மையில் அலுவலகக் கோவையில், அதாவது ஃபைலில், காலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. "குறித்த விலாசத்தில் வசிப்பதில்லை" என்றுதான் எழுதியிருந்தது. மிஸ் வாயால் சொன்னது ஒன்று, தாளில் இருந்தது வேறொன்று.

தாளில் இருப்பதை எப்படி அறிவது? முதலில் வாயால் கேளுங்கள், சில உத்தியோகத்தர்கள் கோவையைத் திருப்பிக் காட்டிவிடுவார்கள். காட்டாவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பிரதேச செயலகத்தின் தகவல் உத்தியோகத்தருக்கு எழுதிக் கொடுத்தால் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர் முடிவு சொல்ல வேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று நீங்கள் விளக்கத் தேவையில்லை. எழுத முடியாதவர் வாயால் சொன்னால் எழுதிக்கொள்ள உதவுவதும் அவர் வேலை. தராவிட்டால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தரிடம் மேன்முறையீடு, அதற்கு மேல் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. நான் கேட்டது மூன்றே விஷயம்: கொடுப்பனவை நிறுத்திய தீர்மானத்தின் பிரதி, அதற்கு அடிப்படையான கள அறிக்கை, அந்த அறிக்கையின் திகதி. "எல்லா விபரங்களும்" என்று கேட்டுவிடாதீர்கள். எல்லாம் கேட்டால் ஒன்றும் வராது.

காரணம் கைக்கு வந்த பிறகுதான் மேன்முறையீடு. அதற்கு முன்பே அக்கா ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தாள், மூன்று பக்கம். "கடவுளுக்கு அடுத்தபடியாகத் தங்களை நம்பி" என்று தொடங்கி, கால் எடுத்த நாள், அரிசி விலை, மகளின் ரியூஷன் காசு என்று போனது. ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆனால் ‘அந்த விலாசத்தில் இல்லை’ என்று சொன்னவருக்கு அரிசி விலையில் என்ன பதில் இருக்கிறது? நான் அடித்தது இப்படி:

"பிரதேச செயலாளர் அவர்களுக்கு. விடயம்: மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவு நிறுத்தப்பட்டமைக்கு எதிரான மேன்முறையீடு. எனது கொடுப்பனவு செப்டெம்பர் மாதம் முதல் நிறுத்தப்பட்டுள்ளது. நான் விலாசத்தில் வசிப்பதில்லை என்பதே காரணமெனத் தங்கள் அறிக்கையில் உள்ளது. தொடர்மாடிக்கு மாற்றப்பட்டதால் எனது விலாசம் மாறியது. நான் தற்போதும் தங்கள் பிரிவிலேயே வசிக்கிறேன். ஆதாரங்கள் ஐந்து இணைக்கப்பட்டுள்ளன. கொடுப்பனவை மீண்டும் வழங்குமாறும், செப்டெம்பர் முதலான நிலுவையைத் தருமாறும், தீர்மானத்தை எழுத்தில் தமிழில் அறிவிக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்."

அவ்வளவுதான். அக்காவுக்குத் திருப்தியில்லை. "இதில ஒரு கண்ணீர் இல்லையே" என்றாள். சரி, வீட்டு நிலைமை பற்றி அவள் எழுதியதில் இரண்டு வரியைக் கடைசியில் சேர்த்தேன். அவளுக்காகத்தான்.

ஐந்து ஆதாரம்: புதிய கிராம சேவகரின் வதிவிடச் சான்றிதழ், வீடு ஒப்படைத்த கடிதம், வாக்காளர் இடாப்பின் பிரதி, தண்ணீர் பில், கிளினிக் கொப்பியின் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும். கிளினிக் கொப்பி எதற்கு என்றால், ஒவ்வொரு மாதமும் கொழும்பில்தான் மருந்து எடுத்தார் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. மூலப் பத்திரத்தை யாருக்கும் கொடுக்காதீர்கள். காட்டுங்கள், போட்டோக் கொப்பியைக் கொடுங்கள்.

உங்கள் காரணம் வேறாக இருக்கலாம். எங்கள் மாடியில் ஒருவருக்குப் பெயரில் திரீவீலர் இருக்கிறது என்று கொடுப்பனவை வெட்டினார்கள். விற்று நான்கு வருடமாம், ஆனால் ஓப்பன் பேப்பரில், அதாவது வாங்கியவரின் பெயருக்கு மாற்றிப் பதியாமல் விற்றது. நாரஹேன்பிட்டி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் புத்தகத்தில் இன்னும் அவர்தான் சொந்தக்காரர். அஸ்வெசும தெரிவில் பார்க்கும் 22 விடயங்களில் சொத்தும் அடங்கும். அவருக்குச் சத்தியக்கடதாசியும் வாங்கியவரின் கடிதமும் தேவைப்பட்டன, வாங்கியவரைத் தேடிப் பிடிக்கவே மாதம் ஒன்று போனது.

உடல்நிலை தேறிவிட்டது என்பது காரணமானால், டொக்டரிடம் வருத்தத்தின் பெயரை மட்டும் எழுதி வாங்கி வராதீர்கள். "வலது கால் முழங்காலுக்குக் கீழ் அகற்றப்பட்டது" என்பது ஆஸ்பத்திரி தந்த டயக்னோசிஸ் காட்டிலேயே இருக்கிறது. அதனால் என்ன செய்ய முடியாது என்பதுதான் வேண்டும்: எவ்வளவு நேரம் நிற்கலாம், எத்தனை படி ஏறலாம், பாரம் தூக்கலாமா, உதவியில்லாமல் குளிக்கலாமா. கிளினிக் நாளில் டொக்டருக்கு நேரமிருக்காது. ஆகவே இந்த நான்கையும் ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போய் நீட்டுங்கள், பார்த்து எழுதுவது அவருக்கும் சுகம். செயற்கைக் கால் போட்டவரென்றால், அதை எத்தனை மணிக்கூட்டுக்கு மேல் போட முடியாது, புண் வருகிறதா என்பதையும் கேட்டு எழுதி வாங்குங்கள். "நடக்கிறார்தானே" என்ற பேச்சுக்கு அந்த ஒரு வரிதான் பதில்.

கடிதம் கொடுக்கும் விதமும் ஒரு வேலைதான். அலுவலகத்தில் பொதுமக்களைச் சந்திக்கும் பொதுமக்கள் தினம் எது என்று கேட்டு, அன்றைக்குக் காலையிலேயே போங்கள். இரண்டு பிரதி கொண்டுபோங்கள். என்னிடம் மிஸ், "வைச்சிட்டுப் போங்க அம்மா" என்றார். நான் இரண்டாவது பிரதியை மேசையில் வைத்து, "இதில ஒரு சீல் மட்டும், மிஸ்" என்றேன். சீல் எங்கே என்று லாச்சி திறந்தார், பேரேட்டைத் தூக்கினார், பக்கத்து மேசையில் கேட்டார். கடைசியில் தேநீர்க் கோப்பையின் பக்கத்தில் கிடந்தது. குத்தினார். பார்த்தால் முந்திய நாள் திகதி. "மிஸ், இன்றைக்கு 18" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! ஆனாலும் பேனையால் திருத்திச் சின்னக் கையொப்பம் வைத்துத் தந்தார். நேரில் போக முடியாவிட்டால் பதிவுத் தபாலில் அனுப்பி, துண்டைக் கடிதத்தின் பிரதியோடு சேர்த்துத் தைத்து வையுங்கள்.

பதில் வரும்வரை சும்மா இருக்கக்கூடாத ஒரு இடம் உண்டு. பாரபட்சமாக நடத்தினார்கள் என்று அடிப்படை உரிமை வழக்குப் போடுவதானால் உயர் நீதிமன்றத்துக்கு ஒரு மாதத்துக்குள் போக வேண்டும், அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை. அந்த ஒரு மாதத்துக்குள் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. அவர்களின் போன் இலக்கம் 1996. முறைப்பாட்டுக்குக் காசில்லை, தமிழில் கொடுக்கலாம். எங்கள் ஒரு மாதம் லக்ஷ்மி படத்துக்குப் பின்னாலேயே கழிந்துவிட்டது. அதனால் நாங்கள் மேன்முறையீட்டை மட்டும் பிடித்துக்கொண்டோம். வழக்கு வரை போகும் விஷயமென்றால் புதுக்கடையில் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே சட்டத்தரணி இலவசம். கோட்டுக்கு வெளியே ‘எல்லாம் நான் செய்து தருகிறேன்’ என்று காசு கேட்பவர்களை நான் 31 வருடமாகப் பார்க்கிறேன், பெயர் சொல்லமாட்டேன், கிட்டப் போகாதீர்கள்.

கள விசாரணைக்கு வருவார்கள். வரும் நாளில் வீட்டைச் சோடிக்கவும் வேண்டாம், பாழடைந்த மாதிரிக் காட்டவும் வேண்டாம். அத்தான் அன்றைக்கு ஷேவ் எடுத்து, இஸ்திரி போட்ட சேட்டோடு உட்கார்ந்திருந்தார். அக்காவுக்குப் பதற்றம், "கொஞ்சம் வருத்தக்காரர் மாதிரி இருங்களேன்" என்றாள். "நான் வருத்தக்காரன்தானே, மாதிரி எதுக்கு" என்றார் அவர். வந்த உத்தியோகத்தர் விலாசத்தைப் பார்த்தார், அடையாள அட்டையைப் பார்த்தார், தொடர்மாடி இலக்கத்தைக் குறித்துக்கொண்டார். ஐந்து நிமிடம். என்ன எழுதினார் என்பதை வாசித்துக் காட்டச் சொல்லி, அதன் பிறகே அத்தான் கையெழுத்து வைத்தார்.

பெப்ரவரியில் காசு திரும்ப விழுந்தது. 10,000 ரூபாய், ஒரே ஒரு மாதத்துக்கு. 2025இல் 7,500 பத்தாயிரமாக ஏறியது என்பதால், உங்கள் கணக்கில் எவ்வளவு விழுந்தது என்பதையும் பாருங்கள், பழைய தொகையே வந்தால் அதையும் எழுதிக் கேளுங்கள். நிலுவை தானாக வரும் என்று காத்திருக்க வேண்டாம். செப்டெம்பர் முதல் ஜனவரி வரை ஐந்து மாதம், 50,000 ரூபாய். மாத வாரியாக அட்டவணை போட்டு, வங்கிப் புத்தகத்தின் பக்கங்களைப் பிரதி எடுத்துத் தனிக் கடிதமாகக் கொடுத்தேன். சீல் இருக்கிறது, திகதியும் சரி. இன்னும் பதில் இல்லை. வருகிற பொதுமக்கள் தினத்துக்கு நினைவூட்டல் கடிதத்தோடு அத்தானும் வருவதாகச் சொல்லியிருக்கிறார், காற்சட்டை மடிக்கமாட்டேன் என்ற நிபந்தனையோடு.