கோமாரித் தடுப்பூசி: எந்த மாதம், எந்த வயது?

கோமாரி என்பது மாட்டின் வாயிலும் குளம்பிலும் புண் வரும் தொற்றுநோய். அதற்கான ஊசி போட்ட அன்றே எதிர்ப்புச் சக்தி வந்துவிடாது. குறைந்தது 2 முதல் 3 வாரம் ஆகும். பக்கத்து ஊரில் மாடு எச்சில் ஒழுக நிற்கிறது என்று கேட்ட பிறகு ஓடினால் தாமதம்தான். மழைக்காலத்துக்கும், மாட்டுச் சந்தைக்கும் ஒரு மாதம் முன்பே போட்டு முடித்துவிடுங்கள்.

கன்றுக்கு 4 மாத வயதில் முதல் ஊசி. சரியாக ஒரு மாதம் கழித்து ஊக்க ஊசி. பலரும் தவறவிடுவது இந்த இரண்டாவதைத்தான். அது இல்லாமல் முதல் ஊசியின் பலன் நிலைக்காது. பிறகு 6 மாதத்துக்கு ஒரு முறை. 4 மாதத்துக்கு முன்னால் அவசரப்பட்டால், சீம்பாலில் வந்த தாயின் நோய் எதிர்ப்புப் பொருள்களே மருந்தின் வேலையைக் கெடுத்துவிடும்.

ஊசிக்கு இரண்டு வாரம் முன்பே குடற்புழு நீக்கம் செய்யுங்கள். காய்ச்சல் உள்ள மாட்டுக்கும், நிறைசினை மாட்டுக்கும் தள்ளிப்போடுவது நல்லது. விடுபட்டதைக் குறித்துவைத்து, ஈன்றபின் மறக்காமல் போடுங்கள்.

மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். உறைந்துபோன குப்பியை உருக்கிப் போடவே கூடாது, அது வீண். மாட்டுக்கு மாடு ஊசியை மாற்றச் சொல்லுங்கள். ஓரிரு நாள் பால் சற்றுக் குறையலாம், கழுத்தில் சிறு வீக்கம் வரலாம், பயம் வேண்டாம். போட்ட தேதியைத் தொழுவச் சுவரிலேயே எழுதிவையுங்கள்.